பை காவலர்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு வீடு. இரவு ஒன்பது மணி. பொன்னையாவுக்கு வயது 56, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி லீலா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். லீலாவின் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு நாளைக் காலை ரயிலில் வந்து இறங்குகிறார். மொத்தம் ஒன்பது பேர். பொன்னையா முன்னால் ஒரு ஏ4 தாள் இருக்கிறது. கடையில் தாளுக்குப் பஞ்சமில்லை, எழுதத்தான் ஒன்றும் ஓடவில்லை.

லீலா: என்னங்க, எட்டு மணிக்குப் பார்த்தபோதும் அந்தத் தாள் வெள்ளையாகத்தான் இருந்தது.

பொன்னையா: திட்டம் போடுகிறேன். இரண்டு நாளில் ஒரு மாவட்டத்தையே காட்ட வேண்டும்.

லீலா: அதற்கென்ன? கல்யாண வீட்டில் நீங்கள்தானே சொன்னீர்கள், "குமரிக் கடற்கரையில் எனக்குத் தெரியாத கல் கிடையாது, வாருங்கள் மச்சான், கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன்" என்று? மூன்றாவது டம்ளர் பாயசம் உள்ளே போய்க்கொண்டிருந்தது அப்போது.

பொன்னையா: அந்தப் பாயசத்தில் ஏதோ இருந்திருக்கிறது. லீலா, கதவைச் சாத்து.

லீலா: வீட்டில் இருப்பதே நாம் இரண்டு பேர்தான்.

பொன்னையா: சரி, ஜன்னலையாவது சாத்து. (குரலைத் தாழ்த்தி) நான் விவேகானந்தர் பாறைக்குப் போனதே இல்லை.

லீலா: என்னது?

பொன்னையா: வள்ளுவர் சிலைக்கும்.

லீலா: போன வருஷம் என் சித்தி வந்தபோது நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனீர்கள்?

பொன்னையா: படகுத்துறை வரைக்கும் போனேன். சித்தியின் பையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா? நான் கன்னியாகுமரிக்கு நாற்பது தடவை போயிருப்பேன். நாற்பது தடவையும் பை காவல்தான். பை, குடை, பால் புட்டி. ஒரு தடவை ஒரு தாத்தாவின் பல் செட்.

லீலா: கல்யாணம் ஆகி 28 வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பொன்னையா: எப்படிச் சொல்வது? ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் படகு வரிசையில் நின்றேன். படகு ஆடியதைப் பார்த்தேன். காலையில் தின்ற இட்லியும் கூடவே ஆட ஆரம்பித்தது. அன்றைக்கு வாத்தியார் என்னிடம் பைகளைக் கொடுத்து உட்கார வைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

லீலா: சரி, விடுங்கள். அண்ணனிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம்.

பொன்னையா: உன் அண்ணனிடம் சொல்லிவிடலாம். கூட வருவது யார் தெரியுமா? அவருடைய சம்பந்தி. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கல்யாண வீட்டிலேயே என் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, "நேரில் வந்து உங்களிடம் நிறையக் கேட்க வேண்டும்" என்றார். நீதான் வருஷா வருஷம் பிள்ளைகளோடு சுற்றுலா போகிறவள். இன்று ராத்திரிக்குள் எனக்கு இந்த மாவட்டத்தைச் சொல்லிக்கொடு.

(லீலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அரிசிக் கணக்கும் முட்டைக் கணக்கும்தான் வேலை. வாத்தியார் நாற்காலி இன்றைக்குத்தான் வாய்த்திருக்கிறது.)

லீலா: எழுதிக்கொள்ளுங்கள். வள்ளுவர் சிலை எத்தனை அடி?

பொன்னையா: 133. இது தெரியாதா? 133 அதிகாரம், 133 அடி.

லீலா: அதில் பீடம் எவ்வளவு, சிலை எவ்வளவு?

பொன்னையா: கரையிலிருந்து பார்த்தால் பாதிப் பாதி மாதிரி இருக்கும்.

லீலா: பீடம் 38 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரம். சிலை 95 அடி. பொருட்பால் 70, காமத்துப்பால் 25, இரண்டையும் கூட்டினால் 95. அறத்தின் மேல்தான் பொருளும் இன்பமும் நிற்கும் என்று கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார் கணபதி ஸ்தபதி. 2000ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி திறந்தார்கள்.

பொன்னையா: நம் கடையும் அறத்தின் மேல்தான் நிற்கிறது. பீடம் கட்டி 20 வருஷம் ஆயிற்று, பொருளை இன்னும் காணோம்.

லீலா: அடுத்து விவேகானந்தர். 1892 டிசம்பரில் வந்தார். படகுக்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் கடலில் நீந்தியே பாறைக்குப் போனார் என்று சொல்வார்கள். மூன்று நாள் தியானம். மண்டபம் கட்டித் திறந்தது 1970இல்.

பொன்னையா: அவர் காசில்லாமல் நீந்திப் போயிருக்கிறார். நான் நாற்பது தடவை டிக்கெட் காசை கையில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை வாங்கித் தின்றிருக்கிறேன். உள்ளே தியான மண்டபம் எப்படி இருக்கும்?

லீலா: இருட்டாக இருக்கும்.

பொன்னையா: அப்புறம்?

லீலா: இருட்டில் ஓம் என்று ஒன்று தெரியும். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. 62 பிள்ளைகள் உள்ளே போனார்கள், வெளியே வரும்போது எண்ணினால் 60. அந்த இரண்டு பேரும் இருட்டில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

பொன்னையா: அப்படியானால் நீயும் பார்க்கவில்லை.

லீலா: பாறையில் நான் பார்த்தது 62 தலை. மற்றதெல்லாம் டீச்சர் மைக்கில் சொல்லச் சொல்லக் காதில் விழுந்தது. வருஷா வருஷம் அதே மைக், அதே டீச்சர். மனப்பாடம் ஆகிவிட்டது. பாலத்தை எழுதினீர்களா?

பொன்னையா: எந்தப் பாலம்?

லீலா: இரண்டு பாறைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்களே. 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் 30இல் திறந்தது. முன்பெல்லாம் கடல் சீற்றம், நீர்மட்டம் குறைவு என்று சொல்லி வள்ளுவரிடம் படகு போகாது. இப்போது விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம். காலுக்குக் கீழே கண்ணாடி வழியாகக் கடல் தெரியும்.

பொன்னையா: கடல் காலுக்குக் கீழே இருக்கிறதே என்றுதான் நான் படகிலேயே ஏறவில்லை. அதைக் கண்ணாடி போட்டு வேறு காட்டுகிறார்களா?

லீலா: மறுநாள் திட்டம் என்ன?

பொன்னையா: திங்கட்கிழமை. காலையிலேயே பத்மநாபபுரம் அரண்மனை என்று வைத்திருக்கிறேன்.

லீலா: திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.

(பொன்னையா அந்த வரியை அடித்துவிடுகிறார். தாளில் அவராக எழுதியிருந்த ஒரே வரி அதுதான்.)

லீலா: நாளைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் அரண்மனை, மதியம் கன்னியாகுமரி. தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் பராமரிப்பது கேரள அரசு. திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனை அல்லவா? 1956 நவம்பர் 1ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அரண்மனை அவர்களிடமே நின்றுவிட்டது.

பொன்னையா: வீடு என் பேரில், பீரோச் சாவி உன் இடுப்பில். அந்த மாதிரி.

லீலா: அந்த மாதிரியேதான். உள்ளே தரை கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து போட்டது என்பார்கள். முட்டை என்றதும் எனக்கு நம் பள்ளிக்கூடக் கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு அறைக்கு எத்தனை அட்டை ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் அந்தப்புரம் போனதே தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பொன்னையா: அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

லீலா: அங்கேயும் காவலா?

பொன்னையா: காவல் என்று ஏன் சொல்கிறாய்? அனுபவம். செருப்பைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். சுசீந்திரம் கோயிலிலும் அப்படித்தான். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும் என்பார்கள். என் பனியன் இருந்த நிலைமையில் நான் வெளியிலேயே நின்றுகொண்டேன்.

லீலா: சட்டை போகும்போது பனியனும்தானே போகும்?

பொன்னையா: ...இதை யாராவது 28 வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

லீலா: 18 அடி ஆஞ்சநேயர் உள்ளே இருக்கிறார். தட்டினால் ஸ்வரம் சொல்லும் கல்தூண் இருக்கிறது. தாணு என்றால் சிவன், மால் என்றால் விஷ்ணு, அயன் என்றால் பிரம்மா. மூன்று பேரும் சேர்ந்துதான் தாணுமாலயன். நீங்கள் வெளியே என்ன பார்த்தீர்கள்?

பொன்னையா: ரசவடை. நான்கு வடையை ரசத்தில் ஊறப் போட்டு, பஞ்சு மாதிரி ஆனதும்...

லீலா: சம்பந்தி ரசவடை பற்றிக் கேட்க மாட்டார். குளச்சல் போர் பற்றிக் கேட்பார். எந்த வருஷம்?

பொன்னையா: சுனாமிக்கு முன்னால்.

லீலா: 1741. மார்த்தாண்ட வர்மாவுக்கும் டச்சுக்காரர்களுக்கும் சண்டை. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். டிலனாய் என்ற தளபதி மாட்டிக்கொண்டார். ராஜா அவரை என்ன செய்தார் தெரியுமா?

பொன்னையா: தலையை வாங்கியிருப்பார்.

லீலா: தன் படையையே பழக்கச் சொல்லிவிட்டார். கடைசியில் அந்த டச்சுக்காரர் திருவிதாங்கூருக்கே பெரிய தளபதி ஆனார். வட்டக்கோட்டையை எடுத்துக் கட்டியவரும் அவர்தான். 1777இல் இங்கேயே இறந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது.

பொன்னையா: இது எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் கல்யாணத்தில் சண்டை போட வேண்டும் என்றே என் பெரியப்பா வந்தார். உன் அண்ணன் அவர் கையில் பந்தி விசாரிப்பைக் கொடுத்துவிட்டார். சாயங்காலம் வரை மனுஷன் "அவியல் யாருக்கு, அவியல் யாருக்கு" என்று ஓடிக்கொண்டிருந்தார்.

லீலா: இதை அப்படியே சம்பந்தியிடம் சொல்லாதீர்கள்.

பொன்னையா: உனக்கு எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?

லீலா: வட்டக்கோட்டை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. மேலே நின்றால் காற்று ஆளைத் தூக்கும். அதெல்லாம் சரி, முக்கியமாகப் பிள்ளைகள் வெளியே போக ஒரே வாசல். வாசலில் நான் நின்றுகொண்டால் தலைக் கணக்கு தப்பாது. அதற்கு அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம். 1966இல் கட்டியது, 115 அடி உயரம். வாய்க்கால் தண்ணீரை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு அந்தரத்தில் கொண்டுபோகிறார்கள். ஓரத்தில் குறுகலான நடைபாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். எண்ணுவதற்கு அதைப் போல சுகம் கிடையாது.

பொன்னையா: முட்டம்?

லீலா: என்னைக் கேட்டால் வேண்டாம். கலங்கரை விளக்கம், செம்பாறை, கீழே அலை, எல்லாம் அழகுதான். ஆனால் பாறைக்கு ஒரு பிள்ளை ஏறி நிற்கும். அலை எப்போது ஏறி வரும் என்று சொல்ல முடியாது. அங்கே போய் வந்தால் எனக்கு இரண்டு நாள் மாத்திரை.

(லீலா தண்ணீர் குடிக்க எழுகிறாள். பொன்னையா தாளைத் திருப்பிப் பார்க்கிறார். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.)

பொன்னையா: எனக்கும் ஒன்றிரண்டு தெரியும், கேள். கரையிலேயே இருப்பவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. மே மாதம் வருகிறவர்கள் சாயங்காலம் நின்று பார்த்துவிட்டு, "சூரியன் கடலுக்குள் விழும் என்றார்களே, எங்கே?" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கோடையில் சூரியன் வடக்கே ஒதுங்கிவிடும். கரை வளைந்து போகிற பக்கமாக, நிலத்தில் போய் மறையும். கடலில் விழுவதைப் பார்க்க இந்தத் தை மாதம் மாதிரி வர வேண்டும்.

லீலா: அட.

பொன்னையா: வண்ண மணல் பொட்டலம் விற்கிறார்களே, அது சாயம் என்று நினைக்கிறார்கள். கறுப்பு மணல் இல்மனைட். சிவப்பு கார்னெட். அதைப் பிரித்தெடுக்க மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு ஆலையே வைத்திருக்கிறது. காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2ஆம் தேதி நண்பகலில் கூரை ஓட்டை வழியாக வெயில் வந்து, அஸ்தி வைத்திருந்த இடத்தில் சரியாக விழும். படியில் உட்கார்ந்து நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

லீலா: இவ்வளவும் யார் சொன்னது?

பொன்னையா: பை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவனிடம் எல்லோரும் வந்து பேசுவார்கள். கடலை விற்கிறவர், போட்டோ எடுக்கிறவர், வலை பின்னுகிறவர்.

(போன் அடிக்கிறது. மச்சான்.)

பொன்னையா: சொல்லுங்கள் மச்சான்... ஏறிவிட்டீர்களா?... எல்லாம் தயார், அரண்மனை, குளச்சல், ஒரு கல் விடவில்லை... என்னது?... யாருக்கு?... ஓ... அப்படியா... இல்லை இல்லை, எனக்கென்ன சிரமம்... சரி மச்சான்... வைக்கிறேன்.

லீலா: என்னவாம்?

பொன்னையா: சம்பந்திக்குக் கடல் ஆகாதாம். படகைப் பார்த்தாலே தலை சுற்றுமாம்.

லீலா: பாவம். அப்புறம்?

பொன்னையா: "மாப்பிள்ளை, நீங்கள்தான் எல்லாம் ஆயிரம் தடவை பார்த்தவராயிற்றே, நாங்கள் பாறைக்குப் போய்விட்டு வரும்வரை கரையில் சம்பந்திக்குத் துணையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் விவரமாக எடுத்துச் சொல்லுங்கள்" என்கிறார். வரிசை, படகு, பாலம் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகுமாம்.

லீலா: படகிலிருந்து தப்பித்தீர்கள்.

பொன்னையா: படகே பரவாயில்லை போலிருக்கிறது. பீடம் 38. மேலே எவ்வளவு என்றாய்?

லீலா: 95. படுங்கள், காலையில் சொல்கிறேன். பேச்சு சுவாரசியத்தில் அந்த ஒன்பது பையையும் விட்டுவிடாதீர்கள்.

பொன்னையா: எட்டு. சம்பந்தி தன் பையை மடியில்தான் வைத்துக்கொள்வார். எனக்கு அந்த மாதிரி ஆட்களைத் தெரியும்.