ஒதுங்க இடம் வைத்திருப்பவன் கோழையா?

ஞாயிற்றுக்கிழமை கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மண்டபத்தில், நம் கான்ட்ராக்டர்கள் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வராதவர்களுக்கும் திங்கட்கிழமைக்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். இந்த முறை டெண்டர் போடவில்லை, கான்கிரீட் போடும்போது தாங்கிப் பிடிக்கிற சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதும், தொழிலில் மூத்த பெரியவர் ஒருவர் மைக்கை வாங்கி, "ஓடி ஒளிய இடம் பார்த்து வைக்கிறவனெல்லாம் கான்ட்ராக்டரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மூன்று பேர் சனிக்கிழமை கூலிக்கு என்னிடம் கைமாற்று வாங்கியவர்கள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றுதான். தொழில் வேறு, வீடு வேறு. தொழில் கவிழ்ந்தாலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அதற்கான வழியைக் கையில் காசு இருக்கும்போதே பார்த்து வைக்க வேண்டும். இதில் கோழைத்தனம் எங்கே வந்தது?

2021 யாருக்கும் மறந்திருக்காது. பிப்ரவரி 22 அன்று புதுச்சேரியில் அரசு கவிழ்ந்தது. 26 அன்று அங்கேயும் இங்கேயும் தேர்தல் அறிவித்தார்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 முடிவு, மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை, இந்தப் பக்கம் ஒரு வேலை வைத்திருந்தவன் நான். இரண்டு அரசு இருக்கிறதே, ஒன்று இழுத்தடித்தாலும் இன்னொன்று தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன.

இந்தப் பக்கம் வடிகால் வேலை முடிந்து எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் அரசுப் பதிவேட்டில், அளவு ஏறிவிட்டது. 14 லட்சம் ரூபாய் பில். தேர்தல் நடத்தை விதி புது வேலையைத் தொடங்கத்தான் தடை, முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்கத் தடையில்லையே என்று சிலர் சொல்வார்கள். விதி எனக்கும் தெரியும். கையெழுத்துப் போட வேண்டியவர் தேர்தல் பணியில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் ஊரடங்கு என்றார்கள். அப்புறம் நிதி வரவில்லை. அப்புறம், பழைய ஆட்சியில் நடந்த வேலை, மறுபடி அளக்க வேண்டும். பணம் வந்தது டிசம்பரில்.

அந்தப் பத்து மாதமும் சிமெண்ட் கடைக்காரர் காத்திருக்கவில்லை. கூலி கொடுக்க வேண்டிய சனிக்கிழமை வராமல் இருக்கவில்லை. என் மனைவியின் ஏழு பவுன் அடகுக்குப் போனது. மேஸ்திரி என்னைத் தனியாக அழைத்து, "அண்ணே, சித்தாளுங்களுக்கு மட்டும் குடுத்துடுங்க, எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் வீட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பட்ட வெட்கத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு ஒன்றுமே இல்லை. ஆனாலும் வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பெரும்பாலோர் சொந்தப் பெயரில் தொழில் செய்கிறவர்கள். சட்டத்தின் கண்ணில் தொழிலும் நாமும் ஒன்றுதான். தொழில் கடன் நம் வீட்டுக் கதவைத் தட்டும். ஆகவே பிரிக்க வேண்டியதை நாம்தான் பிரிக்க வேண்டும். நான் இப்போது ஆறு மாத வீட்டுச் செலவை மனைவி கணக்கில், தொழில் கடன் வாங்காத வேறொரு வங்கியில் வைத்திருக்கிறேன். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதையும் பார்த்துக்கொள்கிறேன். தபால் நிலையத்தில் பிபிஎஃப் என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருக்கிறது. 15 வருடம் கட்ட வேண்டும், வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட முடியாது. ஆனால் கடன்காரர் கோர்ட்டுக்குப் போய் என்மேல் தீர்ப்பு வாங்கினாலும் அதில் கை வைக்க முடியாது. டேர்ம் பாலிசி என்கிற ஆயுள் காப்பீட்டை 1874ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் எடுத்திருக்கிறேன். நான் செத்தால் அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான், கடன்காரருக்கு அல்ல. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தில் எழுதித் தர வேண்டும், பின்னால் சேர்க்க முடியாது. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தில் எடுத்தால் நிற்காது. இருபது வருடத் தொழிலில் இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. ஓர் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டுப் பத்திரத்தை இனி எந்த டெண்டருக்காகவும் வெளியே எடுக்க மாட்டேன். சென்ட்ரிங் ஷீட்டும் முட்டுக் கொடுக்கிற ஜாக்கியும் நாள் வாடகைக்குப் போகின்றன. வீடு கட்டுகிற தனியார்தான் வாங்குகிறார்கள். எந்தக் கட்சி வந்தாலும் அந்த வாடகை அன்றன்றைக்கு வரும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு வேலை எடுக்கிற இடத்தில் ஒன்று எடுத்தேன். டெண்டர் போடும்போது கட்டுகிற ஈஎம்டி என்ற முன்வைப்புத் தொகையில் முடங்குகிற பணத்தில்தான் ஷீட் வாங்கினேன். மெதுவாகத்தான் சேர்ந்தது. இளம் பையன்களுக்கு இது எளிதல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "கான்ட்ராக்டரிடம் இல்லாத பணமா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. 2022 ஜூலை 18 முதல் அரசு வேலைக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 18 சதவீதமானபோது, பழைய ஒப்பந்தத்தில் அந்த 6 சதவீதம் யார் தலையில் என்று அலைந்தவனிடம் வந்து கேளுங்கள்.

ஒதுங்க இடம் தேடுவது நம் ஊருக்குப் புதிதா? பண்ருட்டிப் பக்கம் என் மாமாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல். பொழுது விடிந்து பார்த்தால் மரங்கள் வேரோடு கிடந்தன. மறுபடி கன்று வைத்துக் காய்ப்புக்கு வரும்வரை அந்தக் குடும்பம் சாப்பிட்டது அத்தை வளர்த்த இரண்டு கறவை மாட்டால். தோப்பு இருக்கும்போது மாடு எதற்கு என்று மாமாவே திட்டியிருக்கிறார். புயலுக்கு அப்புறம் யாரும் அத்தையைக் கோழை என்று சொல்லவில்லை.

பெரியவரே, உங்களுக்கு நிலம் இருக்கிறது, மகன் வெளிநாட்டில் இருக்கிறான். நீங்கள் நின்று பேசிய தைரியம் அதன்மேல்தான் நிற்கிறது. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை, இருக்கட்டும், நல்லது. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றுதானே சொன்னேன்? அதற்குச் சபையில் வைத்து அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். உங்களைப் பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு வருவேன். மனைவியையும் அழைத்து வருகிறேன். ஏழு பவுனில் திரும்பி வந்தது நான்கு. மீதி மூன்று என்ன ஆயிற்று என்று அவளே மைக்கில் சொல்லட்டும்.