டப்பாவில் தினமும் வெறும் இட்லியா? இருக்கட்டும்

மும்பையில் பல பாலர் பள்ளிகள் ஜூனில் திறந்ததும் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு ஓர் அட்டவணை கொடுக்கின்றன. திங்கள் சப்பாத்தி சப்ஜி, செவ்வாய் போஹா (அவல் உப்புமா), புதன் உப்புமா, வியாழன் முளைகட்டிய பயறு, வெள்ளி பழம். சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போடுவதுதான். ஆனால் சுவை, வாசனை, தொடுகை எல்லாம் அதிகமாக உறைத்து, சில உணவுகளை மட்டுமே சாப்பிடும் என் மகனைப் போன்ற பிள்ளைகளுக்கு அது ஐந்து நாள் பட்டினி. இவர்களுக்கு விலக்கு தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவனுக்கு நான்கு வயது. அவன் சாப்பிடுவது இவ்வளவுதான்: ஆறிய இட்லி, மேலே எதுவும் படாமல். தாளிக்காத தயிர்சாதம். தோசையின் மொறுமொறு ஓரம். அப்பளம் பிடிக்கும், ஆனால் மழைக்காலத்தில் செம்பூர் ஈரக்காற்றில் கொஞ்சம் நமத்துப்போனாலும் தொடமாட்டான். ஒரே ஒரு வகை பிஸ்கட்.

உப்புமாவை எடுத்துக்கொள்ளுங்கள். குழைந்த ரவைக்கு நடுவே கடலைப்பருப்பு கடிபடும், பட்டாணி நசுங்கும், கறிவேப்பிலை நாக்கில் ஒட்டும். நமக்கு அதுதான் ருசி. வாயில் படுவதெல்லாம் பல மடங்கு பெரிதாகத் தெரியும் பிள்ளைக்கோ அடுத்த வாயில் என்ன வருமோ என்ற பயம். ஒரு கடுகு பல்லில் பட்டாலே என் மகனுக்குக் குமட்டும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். நான்கு வயதுப் பிள்ளை அப்படி நடிக்க முடியாது. பிஸ்கட் ஏன் பிடிக்கிறது என்றால், இன்றைய பிஸ்கட் நேற்றையது போலவே இருக்கும். வாழைப்பழம் அப்படியா? ஒரு நாள் செங்காய், மறுநாள் கொழகொழ.

இதில் வகுப்பறையையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா டப்பாவும் ஒரே நேரத்தில் திறக்கும். ஊறுகாய், வெங்காயம், முட்டை எல்லாம் கலந்த வாசனை, ஸ்டீல் மூடிகளின் சத்தம். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடும் இட்லியே அங்கே இறங்காது. அந்த நேரத்தில் புதிதாக போஹாவும் பழக வேண்டுமாம்.

பசி ருசி அறியாது, இரண்டு வேளை விட்டுப்பிடி, தானா சாப்பிடுவான் என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் பார்க்கும் மாமிகள்கூட சொல்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரியாக இருக்கலாம். இரண்டு வயதுக்கு மேல் புது உணவைக் கண்டு ஒதுங்குவது சகஜம், வளர வளரக் குறையும். ஆனால் சில பிள்ளைகளுக்குப் பசியே சரியாக உறைக்காது. சிலர் பசித்தாலும் வாயைத் திறக்கமாட்டார்கள். இதன் கடுமையான வடிவத்துக்கு ஆர்ஃபிட் (ARFID) என்று பெயர் வைத்து, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேட்டிலேயே சேர்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் உணவின் வாசனை, தொடுகை மீதான இந்தக் கூச்சம் நிறையவே உண்டு. ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் வரும்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் சொல்லும் ஒரு பாகப்பிரிவினை எனக்குப் பிடிக்கும். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. எங்கள் வீட்டில் தட்டில் அவனுக்குப் பழகியது ஒன்று கட்டாயம் இருக்கும். புதியது தள்ளி, ஒரு துளி. தொடலாம், முகரலாம், விட்டுவிடலாம். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். இட்லியிலிருந்து நெய்யில் ஓரம் சிவந்த குழிப்பணியாரத்துக்கு வந்தது அப்படித்தான், வெங்காயம் போடாமல். மாவு அதே மாவு. மாதக்கணக்கில் ஆனது, ஆகட்டும். கேரட்டை அரைத்து இட்லிக்குள் ஒளிக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் இட்லியும் போய்விடும்.

ஆகவே பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. டப்பாவில் அவனுக்குப் பழகியதை வைக்க விடுங்கள். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்ச வேண்டாம், டப்பாவைக் காலி செய்தவனுக்கு மட்டும் கையில் ஸ்டார் குத்த வேண்டாம். வாசனை தாங்காவிட்டால் ஜன்னல் பக்கம் உட்காரட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. எடை ஏறவில்லை, முன்பு சாப்பிட்டதும் ஒவ்வொன்றாகக் குறைகிறது, அடிக்கடி புரையேறுகிறது, மலச்சிக்கல் விடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, இரும்புச்சத்தையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்கும் பயிற்சிச் சிகிச்சை. தனியார் தெரபி கட்டுப்படியாகாதவர்களுக்கு சயான் மருத்துவமனை, பரேலில் கேஇஎம், மும்பை சென்ட்ரலில் நாயர் இருக்கின்றன. மூன்றும் மாநகராட்சி மருத்துவமனைகள், ஆக்குபேஷனல் தெரபி படிப்பே அங்கே நடக்கிறது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய் கேஸ் பேப்பர் (வெளிநோயாளி சீட்டு) எடுத்துவிடுங்கள். பள்ளி எழுத்தில் கேட்டால், டப்பா விஷயத்தையும் சேர்த்து ஒரு கடிதம் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.