ஜன்னல் இருக்கிற அறையாகக் கொடுங்கள்

அழகர் ஆற்றில் இறங்குவதை நேரில் பார்க்க வேண்டும் என்று அம்மா பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் திருச்சியிலிருந்து மதுரைக்கு அழைத்துப் போக முடிந்தது. அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு லாட்ஜில் நான்-ஏசி டபுள் ரூம் போட்டிருந்தேன். ஏசி காற்று பட்டால் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்த்துவிட்டு இரவு பத்தரைக்கு அறைக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது.

நாலாவது மாடி. தலைக்கு மேலே மொட்டை மாடி. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரியில்தான் அதைக் கக்கும். ஃபேனைப் போட்டால் கூரையடியில் நின்ற சூட்டையெல்லாம் அது வாரி எங்கள் மேல் கொட்டியது. இருந்தது ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் கட்டடத்துக்கு நடுவில் கிணறு மாதிரி ஒரு சந்து. கீழ் மூன்று மாடி ஏசி அறைகளின் அவுட்டோர் யூனிட்கள் அத்தனையும் அந்தச் சந்தில்தான் வெந்நீர் அண்டா மாதிரி கொதிக்கக் கொதிக்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஜன்னலில் வலை கிடையாது. திறந்தால் அனலும் கொசுவும், மூடினால் புழுக்கம்.

"நீ தூங்குடா தம்பி, நான் இப்படிச் சித்த உக்காந்துக்கறேன்" என்று அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். சாய்ந்த சுவரும் சுட்டது. ஒரு மணிக்கு மேல் தாங்க முடியாமல் இருவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். ரூம் பாய் பார்த்துவிட்டு, "அம்மாவ மொட்ட மாடிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே, காத்து வரும்" என்றான். நல்ல பையன். ஆனால் மாடிக்கதவு பூட்டியிருந்தது, சாவி முதலாளியிடம். விடிகாலையில் கிளம்பும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. கூட்டத்தில் நிற்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். வைகையிலிருந்து இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு, அழகர் ஆற்றில் இறங்கியதை ரிசப்ஷன் டிவியில்தான் அம்மா பார்த்தார். கை கூப்பிக்கொண்டு பார்த்தார். அது என் மனதை விட்டு இன்னும் போகவில்லை.

"கூட எண்ணூறு ரூபாய் போட்டு ஏசி எடுத்திருக்கலாமே" என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏசி இல்லாததால் அந்த அறை கொதிக்கவில்லை. வெயிலையும் காற்றையும் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் கட்டியதால் கொதித்தது. கீழே ஏசி போட்ட பிறகு மிஞ்சிய அறைகளுக்குத்தான் இன்று நான்-ஏசி என்று பெயர்: மேல் மாடி, மேற்குச் சுவர், சந்தைப் பார்த்த ஜன்னல். பழைய லாட்ஜ்களில் கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கும், அறைக்கு முன்னால் வராந்தா ஓடும், எதிரெதிராக இரண்டு ஜன்னல் இருக்கும். கும்பகோணத்தில் அப்படி ஒரு லாட்ஜில் போன மே மாதம் இரண்டு இரவு தங்கினோம். நடுவில் முற்றம், மேலே கட்டைக்குத்தாகச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, பெரிய மர ஜன்னல். கத்திரி நடுவில்தான். விடிகாலையில் அம்மா போர்வை கேட்டார்.

அதிலிருந்து அறை எடுக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். போனில் பேசும்போதே, "மேல் மாடி வேண்டாம், ஜன்னல் தெருவையோ வராந்தாவையோ பார்த்து இருக்கணும்" என்று சொல்லிவிடுவேன். போனதும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அறையைப் பார்ப்பேன். சாயங்காலமாக இருந்தால் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கை சுட்டால் அந்தச் சுவர் நடு ராத்திரி வரைக்கும் விடாது. ஜன்னலைத் திறந்து அந்தப் பக்கம் அவுட்டோர் யூனிட் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஃபேனை ஐந்தில் வைத்து ஓட விடுவேன். ரிசப்ஷனில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். காசு கொடுத்துத் தூங்க வந்திருக்கிறோம்.

இன்னொரு முக்கியமான விஷயம், நம் ஊரில் நிறைய லாட்ஜ்களில் செக் அவுட் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு, அதனால் மதியத்திலும் அறை நம் கையில்தான் இருக்கும். கோயில் நடை மதியம் சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி வாக்கில் ஆகிவிடும். சரியாக அந்தக் கொடுமையான நேரத்தைத்தான் நாம் அறையில் போய்க் கழிக்கிறோம். அது வேண்டாம். மதுரையில் என்றால் திருமலை நாயக்கர் மகாலில் போய் உட்காருங்கள். 1636-இல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், ஆளைச் சின்னதாக்கும் தூண்களும், அண்ணாந்து பார்க்க வைக்கும் கூரையும். கத்திரி வெயிலில் வெளியிலிருந்து உள்ளே நுழைகிறபோது அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

அறையில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: பகலில் வெளிக்காற்று அறையைவிடச் சூடு. அப்போது ஜன்னலையும் திரையையும் மூடி வையுங்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கொசுவுக்குப் பயந்து. நான் கையோடு வலைத்துணியும் ஒட்டுப்பட்டையும் எடுத்துப் போகிறேன், ஐந்து நிமிட வேலை. டேபிள் ஃபேன் கேட்டால் சில இடங்களில் தருவார்கள். அதை ராத்திரியில் ஜன்னலோரம் வைத்து, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிற மாதிரி திருப்புங்கள்.

குளியல் விஷயத்தில் ஒரு சின்ன உஷார் வேண்டும். மாடித் தொட்டி பகல் முழுக்கக் காய்ந்து, சாயங்காலம் குழாயில் வெந்நீர்தான் வரும். காலை ஆறு மணிக்கே இரண்டு பக்கெட் பிடித்து மூடி வைத்துவிட்டால் ராத்திரி படுக்கப் போகுமுன் குளிக்கத் தண்ணீர் ஓரளவு சில்லென்று இருக்கும். மிச்சத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பார்.

அப்புறம் மெத்தை. லாட்ஜ் மெத்தை பெரும்பாலும் ஃபோம், அதுவும் கறை படாமல் இருக்க ரெக்சின் உறை போட்டது. முதுகிலிருந்து சூடு போக வழியே இல்லை. நாங்கள் ஒரு கோரைப்பாயும் இரண்டு பழைய எட்டு முழ வேட்டியும் எடுத்துப் போகிறோம். தரையைத் துடைத்துவிட்டுப் பாய் விரித்துப் படுத்தால் பாதி வெக்கை போய்விடும்.

ஈரத்துணி விஷயம் ஊருக்கு ஊர் மாறும். வேலூர், கரூர், திருச்சி மாதிரி வறண்ட வெயில் ஊர்களில் துண்டைப் பிழிந்து மேலே போட்டுக்கொண்டு ஃபேனடியில் படுத்தால் நிஜமாகவே குளிரும், ஈரம் காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தூத்துக்குடி, ராமேசுவரம் மாதிரி கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்தத் துண்டு காயாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். அங்கே காற்றோட்டம் ஒன்றுதான் கதி.

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே தண்ணீர், மோர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் சில உடம்பு நீரை வெளியேற்றும், கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அறைக்குள்ளே 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஃபேனை நம்பாதீர்கள். அந்தச் சூட்டில் ஃபேன் காற்று உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தடுமாறினாலோ உடனே 108. வரும்வரை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிற வேண்டும்.

இவ்வளவும் நாம் செய்துகொள்வது. லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஏசி இல்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். மொட்டை மாடித் தரைக்கு வருடா வருடம் மாசி, பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள், வெயிலில் பெரும்பங்கை அது திருப்பி அனுப்பிவிடும். அவுட்டோர் யூனிட்களை மொட்டை மாடிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்றுங்கள். ஏசிக்கு ஆசைப்பட்டு அடைத்த வென்டிலேட்டரை, நான்-ஏசியாக விடும் அறைகளிலாவது திறந்துவிடுங்கள். ராத்திரியில் மாடிக்கதவைப் பூட்டாதீர்கள். ஒரு ஏசி வாங்குகிற காசுக்குள் இதில் பாதி முடிந்துவிடும். குறைந்த வாடகை கொடுக்கிறவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வேன் பிடித்துக் குடும்பமாகச் சாமி கும்பிட வருகிறவர்கள், ஊர் ஊராகச் சரக்கு விற்கிற சேல்ஸ் ஆட்கள், தேர்வு எழுத வருகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டுக் கண் சோர்ந்து வருகிறவர்கள். இவர்களுக்குத்தான் அந்த ராத்திரித் தூக்கம் ரொம்பத் தேவை. ஏசி அறையின் அனலை இவர்கள் ஜன்னலில் கொண்டுபோய் விடுவது அநியாயம், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்த மே மாதம் ராமேசுவரம் போகிறோம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது, அதில்தான் போக வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டுமாம். பாயும் வேட்டியும் இப்போதே பையில் ஏறிவிட்டன. கோயிலுக்கு நடக்கிற தூரத்தில், கடற்காற்று வருகிற பக்கம் ஜன்னல் உள்ள நான்-ஏசி அறை, முதல் மாடியோ இரண்டாவது மாடியோ, யாராவது தங்கியிருந்தால் எந்தத் தெரு என்று சொல்லுங்கள். அறை எண் நினைவிருந்தால் அதையும்.