ஒரே வரியில் முடிந்துவிடுமாம்

ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அரங்கில் நடந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. கணிதத்தில் நிரூபணம் படிப்பது வீண் என்று சிறப்பு விருந்தினர் சொன்னார், மறுத்துப் பேச நான் எழுந்தேன். வெட்டிய பகுதியில் நான் என்ன பேசினேன் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். ஒன்றும் பேசவில்லை. பேச விடவில்லை. சிறப்பு விருந்தினர் "மேடம், நீங்க டீச்சரா?" என்றார், அரங்கம் சிரித்தது, மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"லீனியர் அல்ஜிப்ராவுல நிரூபணம் படிக்கிறது டைம் வேஸ்ட். ஐகன் மதிப்பு வேணுமா, பைத்தான்ல ஒரு வரி" என்றார் அவர். பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் ஒரு வரி எழுதினால் போதுமாம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டு மாணவர்கள். கைதட்டினார்கள்.

சரி, அந்த ஒரு வரியையே பார்ப்போம். அணி என்பது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டம். அதனால் பெருக்கிய பிறகும் அதே கோட்டில் நிற்கும் திசையன்தான் ஐகன் திசையன், அது எத்தனை மடங்காகிறது என்பது ஐகன் மதிப்பு. ஒரு 2×2 அணி. மேல் வரிசை 1, 1. கீழ் வரிசை 0, 1. பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பையிடம் கொடுத்து ஐகன் திசையன்களைக் கேளுங்கள். தயங்காமல் இரண்டு தரும். ஒன்று (1, 0). இன்னொன்றில் முதல் எண் -1, அடுத்தது புள்ளிக்குப் பின் பதினைந்து பூச்சியம் தாண்டி வரும் ஒரு துணுக்கு. எச்சரிக்கை கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. உண்மையில் அந்த அணிக்கு இருப்பது ஒரே ஐகன் திசைதான். இரண்டாவதாக வந்தது முதலாவதையே திருப்பிப் போட்டு, கணினியின் தசமப் பிசிறை ஒட்டியது. இந்த அணியை மூலைவிட்ட அணியாக (மூலைவிட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பூச்சியம்) மாற்றவே முடியாது. முடியாது என்று எப்படிச் சொல்கிறேன்? ஐகன் மதிப்பு இரண்டுமே 1. மாற்ற முடியுமென்றால், ஓர் அணிக்கும் அதன் நேர்மாறுக்கும் நடுவே ஐகன் மதிப்புகளை மூலைவிட்டத்தில் வைத்த அணியைப் போட்டுப் பெருக்கினால் நம் அணி வர வேண்டும். இங்கே நடுவில் வந்து நிற்பது அலகு அணி (மூலைவிட்டத்தில் 1, மற்றதெல்லாம் 0). அதன் இரு பக்கமும் ஓர் அணியையும் அதன் நேர்மாறையும் வைத்துப் பெருக்கினால் மறுபடி அலகு அணிதான் வரும். நம் அணி அலகு அணி இல்லையே! முடிந்தது. இதுவும் ஏறக்குறைய ஒரு வரிதான் சார், பைத்தான் இல்லாமல்.

விடை வருவது வேறு. அது விடைதானா என்று தெரிவது வேறு. இதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

நான் பொறியியல் படித்தவள். முதல் செமஸ்டரில் கெய்லி-ஹாமில்டன் தேற்றம் வரும். ஒவ்வொரு சதுர அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை (ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்கும் சமன்பாடு) தானே நிறைவு செய்யும் என்பது தேற்றம், "சரிபார்க்க" என்பது கேள்வி. ஏன் அப்படி என்று கேட்டேன். "அது போர்ஷன்ல இல்லம்மா" என்று பதில் வந்தது. வேலை, கல்யாணம் எல்லாம் ஆகி எம்.எஸ்சி. சேர்ந்தபோது, முதல் வகுப்பிலேயே பேராசிரியர் கேட்டது இது: எந்தத் திசையனையும் 0 என்ற எண்ணால் பெருக்கினால் பூச்சியத் திசையன் வரும், நிறுவுங்கள். வகுப்பே சிரித்தது. இதில் நிறுவ என்ன இருக்கிறது? "திசையன் வெளிக்கு, அதாவது திசையன்களைக் கூட்டவும் எண்ணால பெருக்கவும் முடியுற இடத்துக்கு, நான் எழுதிப்போட்ட விதிகள்ல இது எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். இல்லை. எந்த விதியும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் 0 = 0 + 0 என்று பிரித்து, பங்கீட்டு விதியைப் போட்டு, இரு பக்கமும் கூட்டல் நேர்மாறைச் சேர்த்து நீக்கினோம். மூன்று வரி. அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது, இதற்கா பீஸ் கட்டினோம் என்று.

ஆனால் அந்த மூன்று வரியை எதிர்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. பேராசிரியராலும் முடியாது, என் மாமனாராலும் முடியாது. "உனக்கென்ன தெரியும்" என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு அது என்னவென்று மேடையில் நிற்பவருக்குப் புரியாது.

"கெய்லியே நிரூபிக்கலையே மேடம்" என்று ஒருவர் கமெண்டில் மடக்கியிருக்கிறார். உண்மைதான். கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தின் அந்தக் கெய்லி, 1858 கட்டுரையில் 2×2க்குக் காட்டிவிட்டு, 3×3க்கும் சரிபார்த்தேன், அதற்கு மேல் அவசியமில்லை என்று விட்டுவிட்டார். பொதுவான நிரூபணத்தை 1878இல் கணிதர் ஃப்ரொபீனியஸ் தந்தார். சும்மா விட முடியாத ஒருவர் வந்ததால்தானே நீங்கள் இன்று அதைத் தைரியமாகத் தேற்றம் என்கிறீர்கள்?

"ஏஐ நிரூபணமும் எழுதித் தரும்." தரட்டும். சரியா தப்பா என்று யார் பார்ப்பது, நீங்களா?

"வேலை கிடைக்குமா?" இதை மட்டும் பாதி ஒப்புக்கொள்கிறேன். நேர்முகத் தேர்வில் யாரும் திசையன் வெளியின் விதிகளைக் கேட்பதில்லை, வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு என் பேச்சு சொகுசாகத்தான் தெரியும்.

"நம்ம காலேஜ்கள்ல நிரூபணத்தையும் மனப்பாடம்தானே பண்றாங்க?" ஆமாம், பண்ணுகிறார்கள். கைடு வாங்கி, பத்து மார்க் தேற்றங்களை வரி மாறாமல் ஒப்பிக்கிறார்கள். அதற்கு நிரூபணத்தையா தூக்கிப் போடுவது? நன்றாகச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்க ஆளில்லை, கைதட்ட மட்டும் ஆள் இருக்கிறது.

அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வந்தவர்கள். ஐஐடி பிள்ளைகள் நிரூபணம் படிக்கட்டும், உங்களுக்கு ஒரு வரி பைத்தான் போதும் என்பதுதானே சார் சொன்னதன் அர்த்தம்? அவர் அப்படி நினைக்கவில்லை என்று அவரது நண்பர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நினைக்காமல்தான் சொல்கிறார்கள் எல்லோரும். "மேடத்துக்கு ஈகோ" என்றும் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். மைக்கைப் பிடுங்கினால் யாருக்கும் வரும்.

வீடியோவைப் பகிர்ந்தவர்கள் இதையும் அவரிடம் சேர்த்துவிடுங்கள். ஏ, பி இரண்டும் ஒரே அளவுள்ள சதுர அணிகள். ஏ-யை பி-யால் பெருக்கினால் அலகு அணி. வரிசையை மாற்றி பி-யை ஏ-யால் பெருக்கினாலும் அலகு அணிதான் வருமா? வரும் என்று வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சதுரமாக இல்லாத அணிகளில் வராது. அப்படியென்றால் சதுரம் என்பது எந்த இடத்தில் கைகொடுக்கிறது? லட்சம் அணிகளை ஓட்டிப் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. ஒரு வரி போதாதென்றால் பத்து வரி எடுத்துக்கொள்ளட்டும், கமெண்டைத் திறந்தே வைத்திருக்கிறேன்.