ஆன்டெனா சக்தியை நூறு மடங்காக்குவதில்லை

வேலூர், காட்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் உள்ள ஹார்ன் ஆன்டெனா மைக்ரோவேவ் சக்தியை நூறு மடங்கு பெருக்கி வெளியிடுகிறது, அதை மறைக்கவே அறை முழுவதும் கூர்முனை நுரையை ஒட்டியிருக்கிறார்கள்." இது தவறு. பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அனுப்பவே பெற்றோர் அஞ்சும்படி இப்படி எழுதுவது பொறுப்பற்ற செயல்.

ஹார்ன் ஆன்டெனா என்பது மைக்ரோவேவ் அலைகளை அனுப்பும், வாய் அகன்ற உலோகக் கொம்பு. நூறு மடங்கு என்பது அதன் 20 டெசிபல் ஈட்டம், அதாவது ஒரு திசையில் அலை எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு. எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறார்கள். டார்ச் விளக்கின் குழியாடியைப் போல, ஆன்டெனா இருக்கும் சக்தியை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. மாணவர் மேசையில் மைக்ரோவேவை உண்டாக்கும் கன் டயோடு என்ற சிறு கருவி தருவது பெரும்பாலும் சில பத்து மில்லிவாட் மட்டுமே. 2ஜி கைபேசியின் உச்ச சக்தியோ 2 வாட்.

அந்த நுரை கரி ஊட்டப்பட்டது. ஆன்டெனா எந்தத் திசையில் எவ்வளவு சக்தியை அனுப்புகிறது என்று அளக்கும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் அலை அந்த அளவீட்டைக் கெடுத்துவிடும். அதை உறிஞ்சி வெப்பமாக்குவதே நுரையின் வேலை. அலையை அனுப்பும் ஆன்டெனாவுக்கும் பெறும் ஆன்டெனாவுக்கும் இடையிலான தூரத்துக்கும் கணக்கு உண்டு: 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 செ.மீ.; 15 செ.மீ. வாய் அகலமுள்ள ஆன்டெனாவுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் தூரம் வேண்டும். பிறகு அளக்கப்படும் ஆன்டெனாவைச் சுழற்றி, ஒவ்வொரு கோணத்திலும் கிடைக்கும் சக்தியைக் குறிக்கிறார்கள்.

கருவி இயங்கும்போது மைக்ரோவேவைக் கடத்தும் வேவ்கைடு என்ற உலோகக் குழாயின் திறந்த வாய்க்குள் கண் வைத்துப் பார்க்கக் கூடாது என்ற ஆய்வக விதி மட்டும் உண்மையானது; மாணவர்கள் அதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.