ஃபேஸை விடுங்கள், லேனைப் பாருங்கள்

ஏஎம்டி பிராசசர்களுக்கான எக்ஸ்670ஈ, எக்ஸ்870ஈ மதர்போர்டுகளை ஒப்பிட்ட உங்கள் கட்டுரையில் பாதி இடம், பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம்மின் ஃபேஸ் (மின் கிளை) எண்ணிக்கைக்கே போய்விட்டது. இந்த விலையில் எந்த போர்டும் ஏஎம்டியின் உயர்நிலை பிராசசரான ரைசன் 9-ஐத் தாராளமாகத் தாங்கும். பார்க்க வேண்டியது பிசிஐஇ லேன் பங்கீடு, அதாவது கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றுக்குத் தரவு போகும் பாதைகளை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது.

இந்த போர்டுகளின் ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 7000, 9000 பிராசசர்களில் மொத்தம் 28 லேன். சிப்செட்டுக்கு (போர்டின் மற்ற இணைப்புகளைக் கவனிக்கும் சிப்) 4, கிராபிக்ஸ் கார்டுக்கு 16, மிச்சம் 8. எக்ஸ்870ஈ-யில் யுஎஸ்பி4 (அதிவேக யுஎஸ்பி போர்ட்) கட்டாயம் என்பதால் பல போர்டுகளில் அதற்கே 4 போய்விடுகிறது; மீதி 4 முதல் எஸ்எஸ்டிக்கு. அப்புறம் இரண்டாவது ஜென்5 எம்.2-வுக்கு (ஐந்தாம் தலைமுறை பிசிஐஇ வேகத்தில் ஓடும் எஸ்எஸ்டி ஸ்லாட்) எங்கே போவது? சில போர்டுகள் கிராபிக்ஸ் கார்டின் பங்கில்தான் கை வைக்கின்றன. நான் இரண்டாவது எஸ்எஸ்டியைச் செருகிய அன்று கிராபிக்ஸ் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தால், 16 லேன் இருந்த இடத்தில் 8. மேனுவலில் பொடி எழுத்தில் ஒரு அடிக்குறிப்பு, அவ்வளவுதான். கேமில் பெரிதாகத் தெரியவில்லை, சரி. ஆனால் இவ்வளவு விலை கொடுத்தவனுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

ராமும் அப்படித்தான். ரைசன் 9000-க்கு ஏஎம்டி உறுதி தரும் டிடிஆர்5 ராம் வேகம் இரண்டு ஸ்டிக்கில் நொடிக்கு 5600 மெகாடிரான்ஸ்ஃபர், நான்கு போட்டால் 3600. நான்கு ஸ்லாட்டையும் நிரப்ப நினைப்பவர்கள் யோசியுங்கள்.

அடுத்த ஒப்பீட்டில் ஒவ்வொரு போர்டின் லேன் வரைபடத்தையும் போடுங்கள்.