பூட்டிக் கிடந்த சட்டமன்றம்

பிளவுபட்ட சமூகத்தில் அதிகாரத்தைப் பங்கிட்டால் ஜனநாயகம் நிலைக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் அதற்கான விலையைச் சொல்லவில்லையே? பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்கள் ஒரு பக்கம், அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகள் மறுபக்கம். 1998 சமாதான ஒப்பந்தப்படி முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் பெயரில்தான் மேல், கீழ்; அதிகாரம் சமம். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். 2017-இல் தேசியவாதித் தரப்பின் துணை முதல் அமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் விலகினார். மூன்று வருடம் அங்கே அரசே இல்லை. 2022-இல் யூனியனிஸ்ட் தரப்பு அதையே செய்ய, இன்னும் இரண்டு வருடம் போச்சு. 2022 மே மாதம் சபை கூடியும் சபாநாயகரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. காரணம், யூனியனிஸ்ட், தேசியவாதி என்று உறுப்பினர்கள் பதிவு செய்துகொண்ட இரு அணியிலும் தனித்தனியாக ஆதரவு வேண்டும்; யூனியனிஸ்ட் ஆதரவு கிடைக்கவில்லை. இதில் எனக்கு எரிச்சலூட்டுவது, இரண்டிலும் சேராமல் 'மற்றவர்' என்று பதிந்த அலையன்ஸ் கட்சிக்காரர்களின் ஓட்டுக்கு இங்கே மதிப்புக் குறைவு. பிளவைத் தாண்டி வந்தவருக்கே தண்டனை!

அதற்காக ஏற்பாடே வீண் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேரைப் பலிகொண்ட சண்டை, சட்டமன்றம் பூட்டிக் கிடந்தபோதும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. கட்டுரையாளர் விரித்து எழுதியிருக்க வேண்டிய இடம் அதுதான்.